மருந்து நிறுவனத்துக்கு உயர் அதிகாரிகளைத் தேடுவதும் நிலைக்க வைப்பதும்: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருந்து நிறுவனத்தில் ஓர் உயர் அதிகாரி எடுக்கும் முடிவின் பலன் தெரியவருவதற்குள் அவர் பெரும்பாலும் வேறு நாற்காலிக்குப் போயிருப்பார். ஒரு புது மூலக்கூறு ஆய்வகத்திலிருந்து நோயாளியின் கைக்கு வந்துசேர 10 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன. அந்த வேலையை நடத்த வருபவர் நான்கைந்து ஆண்டுகள் இருந்தாலே நீண்ட காலம். ஆகவே ‘இவர் என்ன சாதித்தார்’ என்று பார்த்து ஆளெடுக்கும் முறை இங்கே சறுக்குகிறது. அவர் பெயரில் இருக்கும் வெற்றி முன்பிருந்தவர் விதைத்ததாக இருக்கலாம். அவர் காலத்தில் வந்த தோல்வி யார் இருந்தாலும் வந்திருக்கும் தோல்வியாக இருக்கலாம்.

எனவே பார்க்க வேண்டியது அவர் முடிவெடுத்த விதத்தை. அதிலும் முக்கியமாக, எல்லோரும் ‘அனுப்பிவிடலாம்’ என்று சொன்ன நேரத்தில் அவர் ‘நிறுத்து’ என்று சொன்னாரா, எதை வைத்துச் சொன்னார் என்பதை. அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அவர் ‘நிறுத்து’ என்று சொன்னால் உங்கள் நிறுவனத்தில் உண்மையிலேயே நிற்கும்படி வைத்திருப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் ஆளை இழக்கின்றன.

ஆளைத் தேடுமுன் வேலையை எழுதுங்கள்

பதவியின் பெயரை வைத்துத் தேடலைத் தொடங்காதீர்கள். ஒரு தாளில், அடுத்த 24 மாதத்தில் இந்த நாற்காலியில் இருப்பவர் எடுத்தே ஆக வேண்டிய மூன்று முடிவுகளை எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வந்தால் இன்னும் தெளிவு வரவில்லை என்று பொருள். அந்தத் தாளை நிர்வாகக் குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நான்கு பேர் நான்கு வேலையை எழுதியிருந்தால், வரப்போகிறவரிடமும் நான்கு பேர் நான்கு வேலையை எதிர்பார்ப்பார்கள்.

தலைமை மருத்துவ அதிகாரி என்ற பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் இரண்டாம் கட்ட மருத்துவ ஆய்வின் வாசலில் நிற்கும் நிறுவனத்தில் அவருடைய பெரிய முடிவு மருந்தின் அளவைத் தேர்ந்தெடுப்பதும், எந்த அளவுகோலை வைத்துப் பலனை அளப்பது என்பதும். மூன்றாம் கட்டத்தில் அது பல நாட்டு மருத்துவமனைகளை ஒரே நெறிமுறையில் ஓடவைக்கும் வேலை. மருந்து சந்தைக்கு வந்தபின் பக்கவிளைவுக் கண்காணிப்பும் மருத்துவர்களுடன் அறிவியல் பேச்சும்தான் அவருடைய பகல் பொழுது. பட்டம் ஒன்று, வேலை மூன்று. மூன்றிலும் தேர்ந்தவர் மிக அரிது. இருந்தாலும் அவர் உங்களுக்கு இப்போது தேவைப்படுபவரா என்பது தனிக் கேள்வி.

ஜெனரிக் நிறுவனத்தில், அதாவது வேறொருவர் கண்டுபிடித்த மருந்தின் நகலைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தில், கணக்கே வேறு. அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டின் ஹேட்ச்-வாக்ஸ்மன் சட்டப்படி, காப்புரிமையை முதலில் எதிர்த்து விண்ணப்பிக்கும் ஜெனரிக் நிறுவனத்துக்கு 180 நாள் தனிச் சந்தை உரிமை கிடைக்க வழி உண்டு. அந்தச் சந்தையை நம்பியிருக்கும் நிறுவனத்தின் தயாரிப்புத் திட்டத் தலைவர், காப்புரிமை வழக்கறிஞருடன் உட்கார்ந்து தேதிகளைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். புது மூலக்கூறு கண்டுபிடிப்பதில் புகழ்பெற்ற விஞ்ஞானியைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்தால் இருவருக்கும் நஷ்டம்.

பெரிய நிறுவனத்திலிருந்து சின்ன நிறுவனத்துக்கு வருபவரிடம் மறக்காமல் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் நீங்களே கைப்பட எழுதிய ஆவணங்கள் எவை? பதில் ‘என் குழு எழுதியது, நான் பார்த்து ஒப்புதல் தந்தேன்’ என்பதாகவே இருந்தால், பத்துப் பேர் கொண்ட இடத்தில் அவர் முதல் மாதமே தவித்துப்போவார். அது அவருடைய குறையல்ல. வேலையின் அளவு வேறு, அவ்வளவுதான்.

சட்டமே தகுதி சொல்லும் பதவிகள்

சில நாற்காலிகளுக்கு யார் வரலாம் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, சட்டம் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு பேட்சையும் (ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி) சந்தைக்கு விடுவிக்கும் ‘தகுதி பெற்ற நபர்’ 2001/83/இசி நெறிமுறையின் 49-ஆம் பிரிவில் சொன்ன படிப்பும், உரிமம் பெற்ற உற்பத்தி நிறுவனத்தில் குறைந்தது 2 ஆண்டு நடைமுறை அனுபவமும் உடையவராக இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் படிப்பு 5 ஆண்டாக இருந்தால் அனுபவத்தில் 1 ஆண்டும், 6 ஆண்டாக இருந்தால் ஒன்றரை ஆண்டும் குறைத்துக்கொள்ளலாம். பக்கவிளைவுக் கண்காணிப்புக்குப் பொறுப்பான நபர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வசித்து அங்கிருந்தே பணியாற்ற வேண்டும், எந்த நேரமும் தொடர்புகொள்ளக் கூடியவராக இருக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் இதுபோல் பெயர் குறிப்பிட்டு நியமிக்கும் பதவிகள் உண்டு. நீங்கள் விற்கும் ஒவ்வொரு சந்தையின் பட்டியலையும் அரசு ஒப்புதல் வேலைகளைப் பார்க்கும் ரெகுலேட்டரி பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு தேடலைத் தொடங்குங்கள். நல்ல ஆளைப் பிடித்து, கடிதமும் கொடுத்தபின் தகுதி ஓராண்டு குறைகிறது என்று தெரிந்தால் பேட்சுகள் கிடங்கிலேயே தேங்கும்.

அமெரிக்கச் சந்தை இருந்தால் இன்னொரு சோதனை கட்டாயம். 1992-ஆம் ஆண்டின் ஜெனரிக் மருந்து அமலாக்கச் சட்டப்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சிலரை மருந்துத் துறையிலிருந்து விலக்கிவைத்துப் பட்டியல் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் சேவையை எந்த விதத்திலும் பயன்படுத்தவில்லை என்று மருந்துக்கான விண்ணப்பத்திலேயே உறுதி கூற வேண்டும். ஆலோசகர் என்ற பெயரிலும் வைத்துக்கொள்ள முடியாது. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கடைசிச் சுற்றுக்கு வந்தபின் பார்க்காமல், பெயர் கைக்கு வந்த அன்றே பாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டு மாற்றங்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

யாருக்குக் கீழே யார்

ஆளைத் தேடுமுன் நிறுவனப் படத்தில் ஒரு கோட்டைச் சரிபாருங்கள். தர உறுதிப் பிரிவின் தலைவர் உற்பத்தித் தலைவருக்குக் கீழே வருகிறாரா? வந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஐரோப்பிய ஜிஎம்பி (நல்ல உற்பத்தி நடைமுறை) விதிகளின் இரண்டாம் அத்தியாயம் உற்பத்தித் தலைவரும் தரப் பிரிவுத் தலைவரும் ஒருவரையொருவர் சாராதவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. விதியை விடுங்கள், அனுபவமுள்ள எந்தத் தரத் தலைவரும் இந்தக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார். மருத்துவர்களுடன் அறிவியல் பேச்சு நடத்தும் மருத்துவ விவகாரப் பிரிவு விற்பனைக்குக் கீழே இருப்பதும் இதே நோய்தான்.

தனிப்பட்ட பொறுப்பும் இங்கே கனமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-இல் டாட்டர்வைக் வழக்கிலும் 1975-இல் பார்க் வழக்கிலும் சொன்னதன் சாரம் இது: உணவு, மருந்துச் சட்ட மீறலைத் தடுக்கவோ திருத்தவோ அதிகாரம் பெற்ற அதிகாரி, அந்தத் தவறு தனக்குத் தெரியாமல் நடந்திருந்தாலும் குற்றத்துக்குப் பொறுப்பாக்கப்படலாம். இதை அறிந்தவர்தான் நல்ல விண்ணப்பதாரர். அவர் உங்களைக் கேட்பார்: பொறுப்பு எனக்கென்றால் அதிகாரமும் எனக்குத்தானே? அதற்கு எழுத்தில் பதில் தயாராக வைத்திருங்கள்.

எங்கே தேடுவது

முதலில் உள்ளே. இரண்டாம் வரிசையில் இருக்கும் ஒருவர் 70 சதவீதம் பொருந்தினால், வெளியிலிருந்து வரும் 90 சதவீதக்காரரைவிட அவரே பெரும்பாலும் நன்றாக நிலைப்பார். ஆலையின் பழைய காயங்கள் அவருக்குத் தெரியும்.

வெளியே போவதானால், இந்தத் துறையில் பொது ஆவணங்கள் ஏராளம். மருத்துவ ஆய்வுப் பதிவேடுகளில் ஆய்வின் நோக்கம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, இடையில் நெறிமுறை எத்தனை முறை மாறியது எல்லாம் கிடைக்கும். விதி மீறிய நிறுவனங்களுக்கு எஃப்டிஏ அனுப்பும் எச்சரிக்கைக் கடிதங்கள் பொதுவில் வருகின்றன. எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய ஆலையை இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் நல்ல நிலைக்குக் கொண்டுவந்த குழுவில் இருந்தவர்கள் தங்கம். பலர் ‘அந்த நிறுவனத்தில் இருந்தவரா’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கடிதம் வருவதற்கு முன் பொறுப்பில் இருந்தவர் யார், வந்தபின் சரிசெய்ய வந்தவர் யார் என்று தேதியைப் பார்த்தால் விஷயம் புரியும்.

தேடல் நிறுவனத்தை அமர்த்தினால் இரண்டு வகை. முன்பணம் வாங்கி முழுப்பொறுப்பில் தேடுபவர்கள் வழக்கமாக முதலாண்டு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கட்டணம் கேட்பார்கள், மூன்று தவணையாக. ஆள் சேர்ந்தால் மட்டும் பணம் வாங்குபவர்கள் வேகமாக பயோடேட்டாக்களை அனுப்புவார்கள். உயர் பதவிக்கு முதல் வகையே பொருத்தம். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளை உற்றுப் பாருங்கள். அவர்கள் எந்தெந்த நிறுவனங்களிலிருந்து ஆள் எடுக்கமாட்டார்கள் என்ற பட்டியல் முதலாவது. அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்களே நீங்கள் தேட வேண்டிய இடமாக இருந்தால் அந்த நிறுவனம் உங்களுக்கு உதவாது. சேர்ந்தவர் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ போய்விட்டால் கட்டணமின்றி மீண்டும் தேடித்தருவார்களா என்பது இரண்டாவது. கூட்டத்துக்கு வந்து பேசிய மூத்தவரே தேடுவாரா, இளையவரிடம் கொடுத்துவிடுவாரா என்பது மூன்றாவது.

தேடலுக்கு மூன்று முதல் ஆறு மாதம், அதற்கு மேல் நோட்டீஸ் காலம் மூன்று மாதமோ ஆறு மாதமோ என்று கணக்கு வையுங்கள். ஓராண்டுக்குள் ஆள் நாற்காலியில் இருக்க வேண்டுமென்றால் இன்றே தொடங்க வேண்டும்.

பயோடேட்டாவின் தேதிகளைக் கணக்குப் போடுங்கள்

‘மூன்று மருந்துகளுக்கு ஒப்புதல் பெற்றுத் தந்தார்’ என்ற வரி எல்லா பயோடேட்டாவிலும் இருக்கும். அதைச் சரிபார்க்க எளிய வழி காலண்டர். அமெரிக்காவில் புது மூலக்கூறுக்கான விண்ணப்பத்தில், சமர்ப்பித்து 60 நாளில் எஃப்டிஏ அதை ஏற்கிறது. அதிலிருந்து வழக்கமான பரிசீலனைக்கு 10 மாதம், முன்னுரிமைப் பரிசீலனைக்கு 6 மாதம் இலக்கு. ஆக, சமர்ப்பித்த நாளிலிருந்து முடிவுக்கு 12 அல்லது 8 மாதம். ஒப்புதலுக்கு ஐந்து மாதம் முன் அந்த நிறுவனத்தில் சேர்ந்தவர் அந்த விண்ணப்பத்தைத் தயாரித்திருக்க முடியாது. கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கலாம், லேபிள் (மருந்துடன் வரும் அதிகாரபூர்வ விவரக் குறிப்பு) பேச்சுவார்த்தையை நடத்தியிருக்கலாம். அதுவும் பெரிய வேலைதான், ஆனால் வேறு வேலை. முதல் சுற்றில் நிராகரிக்கப்பட்டு மறுசமர்ப்பிப்பு நடந்திருந்தால் இலக்கு 2 அல்லது 6 மாதமாகச் சுருங்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சாதனைக்கும் எதிரே சேர்ந்த தேதி, விலகிய தேதி, அந்த நிகழ்வின் பொதுவெளித் தேதி மூன்றையும் எழுதுங்கள். பொருந்தாத இடத்தில் குற்றம் சாட்ட வேண்டாம். ‘நீங்கள் வந்தபோது வேலை எந்த நிலையில் இருந்தது?’ என்று கேளுங்கள். நேர்மையானவர் உடனே பங்கைப் பிரித்துச் சொல்வார், முன்பிருந்தவரின் பெயரையும் சொல்வார்.

நேர்காணலில் ஒரு பேட்சை மேசையில் வையுங்கள்

கதை கேட்கும் நேர்காணலால் பயனில்லை. இந்த நிலைக்கு வந்தவர்கள் எல்லோரும் நன்றாகக் கதை சொல்வார்கள். ஒரு பிரச்சினையைத் தாளில் கொடுத்து 40 நிமிடம் அதன்மேல் பேசுங்கள். தரத் தலைவர் பதவிக்கு இப்படி ஒன்று:

மாத்திரை ஒன்றின் அஸ்ஸே (மருந்துப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை) வரம்பு 95.0 முதல் 105.0 சதவீதம். முதல் முடிவு 94.2. ஆய்வாளர் மீண்டும் இருமுறை சோதித்தார்: 97.8, 98.0. மூன்றின் சராசரி 96.7, வரம்புக்குள் வருகிறது. நாளைக் காலை லாரி கிளம்ப வேண்டும். சந்தையில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு. உற்பத்தித் தலைவர் உங்கள் அறைக்கு வந்து நிற்கிறார். என்ன செய்வீர்கள்?

‘சராசரி வரம்புக்குள் இருக்கிறதே’ என்பவரை அங்கேயே நன்றி சொல்லி அனுப்பலாம். வரம்பு தாண்டிய முடிவை நல்ல முடிவுகளோடு சராசரி போட்டு மறைப்பதும், நல்ல எண் வரும்வரை சோதித்துக்கொண்டே இருப்பதும் கூடாது என்பது 1993-இல் அமெரிக்க நீதிமன்றம் பார் லேபரட்டரீஸ் வழக்கில் தீர்ப்பளித்ததிலிருந்தே துறையின் அரிச்சுவடி. ஆனால் ‘உடனே பேட்சை அழித்துவிடுவேன்’ என்பவரும் சரியான ஆள் அல்ல. அவர் விசாரணையைத் தவிர்க்கிறார். தட்டுப்பாடுள்ள மருந்தைக் காரணம் தெரியாமல் அழிப்பதும் நோயாளிக்குத்தான் பாதிப்பு. காரணம் தெரியாவிட்டால் அடுத்த பேட்சும் இப்படியே வரும்.

தேர்ந்தவர் முதலில் கேள்வி கேட்பார். முதல் சோதனையின் கரைசல் இன்னும் இருக்கிறதா, ஊற்றிவிட்டார்களா? எடையிட்ட பதிவு எங்கே? எச்பிஎல்சி (பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) வரைபடத்தில் பீக் (உச்சம்) தானாகக் கணக்கிடப்பட்டதா, கையால் திருத்தப்பட்டதா? திருத்தப்பட்டிருந்தால் ஆடிட் ட்ரெயிலில் (கணினி தானாக வைக்கும் மாற்றப் பதிவு) எத்தனை முறை? மறுசோதனை எத்தனை என்று நடைமுறை ஆவணம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறதா, ஆய்வாளரே முடிவு செய்தாரா? ஆய்வகத் தவறு என்று நிரூபிக்கக் காரணம் கிடைக்கவில்லையென்றால் 94.2 நிற்கும் என்பார். அதே கலவையிலிருந்து, அதே மூலப்பொருள் லாட்டிலிருந்து வந்த மற்ற பேட்சுகள் எவை, அவை எங்கே இருக்கின்றன என்றும் கேட்பார்.

இதற்குப் பிறகுதான் கடைசிக் கேள்வி, எங்கள் பார்வையில் இதுவே முழு நேர்காணலின் மையம்: ‘லாரியை நிறுத்திவிட்டீர்கள். இப்போது நிர்வாக இயக்குநரிடம் போனில் என்ன சொல்வீர்கள்? அப்படியே சொல்லிக் காட்டுங்கள்.’ விதியை ஒப்பிப்பவர் இங்கே திணறுவார். வேலை தெரிந்தவர் நான்கு வாக்கியத்தில் முடிப்பார்: என்ன தெரியும், என்ன தெரியாது, எத்தனை மணிக்கு அடுத்த தகவல் வரும், தட்டுப்பாட்டைச் சமாளிக்க வேறு எந்த பேட்ச் தயாராக இருக்கிறது. அவர் குரலில் பணிவும் இருக்கும், தளர்வு இருக்காது.

மருத்துவத் தலைவருக்கு இதுபோல் இடைக்கால ஆய்வு முடிவு ஒன்றைக் கொடுக்கலாம்: முதன்மை அளவுகோலைத் தொடவில்லை, ஒரு துணைக்குழுவில் மட்டும் பலன் தெரிகிறது, பணம் 14 மாதத்துக்குத்தான் இருக்கிறது. முன்பே திட்டமிட்ட துணைக்குழுவா, பிறகு தேடிப் பிடித்ததா என்பதை அவர் கேட்கிறாரா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்ணப்பதாரரின் தற்போதைய நிறுவனத்தின் ரகசியத்தை எந்தக் கேள்வியாலும் வெளியே எடுக்காதீர்கள். ‘அங்கே இப்போது எந்த மூலக்கூறில் வேலை நடக்கிறது’ என்று நீங்கள் கேட்டு அவர் சொல்லிவிட்டால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். அதைவிட முக்கியம், அங்கே உள்ளதை இங்கே சொல்பவர் இங்குள்ளதை நாளை வேறிடத்தில் சொல்வார்.

விசாரிப்பது மேலிருந்து அல்ல

அவர் கொடுக்கும் பெயர்கள் எல்லாம் அவருக்கு மேலே இருந்தவர்களாகத்தான் இருக்கும். அவர்களோடு அவருக்குக் கீழே வேலை செய்தவர் இருவர், பக்கத்துப் பிரிவில் மோதியவர் ஒருவர் என்று கேட்டு வாங்குங்கள். தரத் தலைவருக்கு உற்பத்தித் தலைவரின் வார்த்தைதான் உரைகல். ‘நல்லவரா’ என்று கேட்டால் நல்லவர் என்றே பதில் வரும். ‘அவர் உங்கள் பேட்ச் ஒன்றை நிறுத்தியது நினைவிருக்கிறதா? எப்படித் தெரிவித்தார்? எத்தனை நாளில் முடித்துக் கொடுத்தார்?’ என்று கேளுங்கள். கீழே வேலை செய்தவரிடம்: ‘கெட்ட செய்தியை அவரிடம் கொண்டுபோக யாராவது பயந்தார்களா?’ இந்தக் கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வேலை செய்யும் இடத்தில் அவர் அனுமதி இல்லாமல் யாரையும் அழைக்கவே கூடாது.

ஊதியத்தில் செய்யும் தவறுகள்

வெளியே நல்ல நிலையில் இருப்பவர் அங்கே இன்னும் கைக்கு வராத பங்குகளை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதன் மதிப்பையும் கைக்கு வரும் தேதிகளையும் அவரிடமே ஒரு அட்டவணையாக வாங்கி, அதே தேதிகளுக்கு இணையாக ஈடு கொடுங்கள். மொத்தமாக முதல் நாளே கொடுத்தால் அவரைப் பிடித்துவைக்க ஏதுமில்லை. பங்கு உரிமைகளில் பரவலாக இருக்கும் அமைப்பு நான்கு ஆண்டு, முதல் பகுதி ஓராண்டு முடிந்தபின். மருத்துவ ஆய்வுகளை நம்பியிருக்கும் நிறுவனத்தில் ஓர் ஆய்வு தோற்றால் பங்கு விலை பாதியாகி, உரிமைகள் வெறும் காகிதமாகிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் ஆள் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவார். ஆகவே எல்லாவற்றையும் பங்கு விலையில் கட்டாமல், ஒரு பகுதியைக் காலத்தோடு மட்டும் இணைந்த பங்காகவோ பணமாகவோ வையுங்கள்.

போனஸை எதோடு இணைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய ஆபத்து. தரத் தலைவரின் போனஸில் மாத டிஸ்பாட்ச் அளவோ விற்பனையோ ஒரு சதவீதம்கூட இருக்கக் கூடாது. மாதக் கடைசியில் நிறுத்த வேண்டிய பேட்சை நிறுத்தினால் தன் சம்பளமே குறையும் என்ற நிலையில் ஒருவரை வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம், மருந்தைச் சாப்பிடுபவருக்கும்தான். தொடங்கி 90 நாள் தாண்டியும் முடியாத டீவியேஷன் (நடைமுறை விலகல்) விசாரணைகள் எத்தனை, ஒரே காரணத்தில் திரும்ப வந்த கேப்பாக்கள் (திருத்த, தடுப்பு நடவடிக்கைகள்) எத்தனை, புகார்களுக்கு எத்தனை நாளில் பதில் என்பவற்றோடு இணைக்கலாம். அதிலும் வெறும் டீவியேஷன் எண்ணிக்கையைக் குறைக்கப் பரிசு வைக்காதீர்கள். எண்ணிக்கை குறையும், ஏனென்றால் யாரும் எழுதமாட்டார்கள்.

ஆராய்ச்சித் தலைவரின் போனஸ் ‘அடுத்த கட்டத்துக்குப் போனால்’ என்று இருந்தால் செத்த மூலக்கூறும் அடுத்த கட்டத்துக்குப் போகும். ‘குறித்த தேதிக்குள், முன்பே எழுதிவைத்த அளவுகோல்படி, தொடரலாமா நிறுத்தலாமா என்ற முடிவு எடுக்கப்பட்டால்’ என்று எழுதுங்கள். நிறுத்தினாலும் அதே போனஸ்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால், நிதி அறிக்கை திருத்தப்படும்போது உயர் அதிகாரிகளிடமிருந்து மிகையாகக் கொடுத்த ஊக்கத்தொகையைத் திரும்பப் பெறும் கொள்கை கட்டாயம். 2022 அக்டோபரில் வந்த விதி அது. கடிதம் கொடுக்குமுன்பே விளக்கிவிடுங்கள். இயக்குநர், அதிகாரிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டின் வரம்பையும், விலகியபின் எத்தனை ஆண்டு அது தொடரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆலை நகரத்திலிருந்து தள்ளி இருந்தால் துணைவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளி பற்றி கடைசிச் சுற்றுக்கு முன்பே பேசுங்கள், கடிதம் வாங்கியபின் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வீடுதான் காரணம்.

பணத்தோடு இன்னொரு தாளும் கொடுங்கள்: அதிகாரக் கடிதம். அரைப் பக்கம் போதும். இந்தப் பதவியில் இருப்பவர் யாருடைய முன் அனுமதியும் இன்றி பேட்சை நிறுத்தலாம், சப்ளையரை இடைநிறுத்தலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது நிர்வாக இயக்குநர் இல்லாமல் இயக்குநர் குழுவைத் தனியே சந்திக்கலாம். அவருடைய முடிவை மாற்ற வேண்டுமானால் யார், எழுத்தில், எந்தக் காரணத்தோடு மாற்றலாம், சட்டப்படி மாற்றவே முடியாதவை எவை. 2008-இல் வந்த ஐசிஎச் (மருந்து விதிகளைப் பல நாடுகளுக்கும் ஒத்திசைக்கும் அமைப்பு) க்யூ10 வழிகாட்டுதல் தர அமைப்பின் இறுதிப் பொறுப்பை உயர்நிலை நிர்வாகத்திடமே வைக்கிறது. இந்தக் கடிதம் அதை நடைமுறையாக்குகிறது. நல்லவர்கள் சம்பளக் கடிதத்தை ஒரு முறையும் இதை மூன்று முறையும் படிப்பார்கள்.

முதல் 90 நாள்

கையெழுத்திடுமுன்பே, ரகசிய ஒப்பந்தம் போட்டு, கடந்த மூன்று தணிக்கைகளின் அறிக்கை, எஃப்டிஏ தணிக்கையாளர் குறைகளை எழுதிக்கொடுக்கும் ‘483’ என்ற படிவங்கள், அதற்கு அனுப்பிய பதில்கள், இன்னும் முடியாத வாக்குறுதிகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். அழுக்கை மறைத்து ஆளெடுத்தால் மூன்றாம் வாரம் அவருக்குத் தெரிந்துவிடும், நான்காம் வாரம் தேடல் நிறுவனத்துக்குப் போன் போகும்.

முதல் 30 நாளில் அவர் நிறுவனப் படத்தை மாற்றக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. இரவு ஷிஃப்டில் இரண்டு நாள், கிடங்கில் ஒரு நாள், ஆய்வகத்தில் மூன்று நாள் என்று நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். 60-ஆம் நாள் அவர் பார்த்த முதல் ஐந்து அபாயங்களை எழுத்தில் கேளுங்கள். 90-ஆம் நாள் ஆள், பணம், காலம் மூன்றோடும் ஒரு திட்டம். அந்தத் திட்டத்தில் குறைந்தது ஒன்றுக்காவது அந்த மாதமே பணம் ஒதுக்குங்கள். புதிதாக வந்தவரின் முதல் கோரிக்கை மூன்று மாதம் கிடப்பில் கிடந்தால், அவர் மீதி நான்கையும் கேட்கவேமாட்டார்.

இந்தக் காலத்தில் தணிக்கை வந்தால் கவனம். 483-க்கு 15 வேலை நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் எச்சரிக்கைக் கடிதம் பற்றிய முடிவுக்கு முன் அந்தப் பதில் பொதுவாகப் பார்க்கப்படாது. வந்து இரண்டு வாரமே ஆனவரின் கையெழுத்தில் பெரிய வாக்குறுதிகளை அனுப்பாதீர்கள். நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைத் தன் பெயரில் சுமப்பவர் அதிக நாள் இருக்கமாட்டார்.

ஏன் போகிறார்கள்

விலகல் நேர்காணலில் எல்லோரும் ‘நல்ல வாய்ப்பு வந்தது’ என்பார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் ஆறேழு மாதம் முந்தைய ஒரு நாளில் இருக்கும்: அவர் நிறுத்தியதை யாரோ அவரிடம் கேட்காமல் விடுவித்த நாள், அல்லது ஆய்வுத் திட்டத்தை நிதிப் பிரிவு பாதியாக வெட்டியதை அவர் மின்னஞ்சலில் தெரிந்துகொண்ட நாள். அன்று அவர் வாதாடியிருப்பார். அடுத்த முறை வாதாடமாட்டார். கூட்டங்களில் அவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் அதைச் சமாதானம் என்று எண்ணாதீர்கள்.

ஆகவே காலாண்டுக்கு ஒரு முறை, இருப்பவரிடமே கேளுங்கள்: ‘இந்த மூன்று மாதத்தில் உங்கள் முடிவு எங்கே மாற்றப்பட்டது? மாற்றிய விதம் சரியாக இருந்ததா?’ இதை நிர்வாக இயக்குநர் நேரில் கேட்க வேண்டும், மனிதவளப் பிரிவின் படிவம் கேட்கக் கூடாது. முடிவு மாறியதற்காக யாரும் விலகுவதில்லை. மாறியது தெரியாமல் போனதற்காக விலகுகிறார்கள்.

தேதிகளையும் ஒரு காலண்டரில் வையுங்கள். பங்கு கைக்கு வரும் நாள், போனஸ் வரும் நாள், மூன்றாம் கட்ட முடிவு வெளிவரும் நாள், காப்புரிமை முடியும் நாள். இவற்றுக்கு முன்னும் பின்னும் மூன்று மாதம் அபாயக் காலம். வேலையில் நிலைத்திருப்பதற்கான தொகை கொடுப்பதானால் நிகழ்வுக்குப் பிறகு அல்ல, அதற்கு நான்கு முதல் ஆறு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். தொகையை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு பகுதி நிகழ்வு நாளில், மறுபகுதி அதற்கு ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கழித்து. முடிவு வெற்றியா தோல்வியா என்பதைப் பொருட்படுத்தாமல் கொடுக்க வேண்டும். நிறுவனம் கைமாறும்போதும் இதே முறைதான். அப்போது பட்டியலில் தலைவர்களை மட்டும் எழுதி, ஆலையின் தகுதி பெற்ற நபரையும் பக்கவிளைவுக் கண்காணிப்புப் பொறுப்பாளரையும் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அவர்கள் இருவரும் ஒரே வாரத்தில் போனால் விற்பனையே நிற்கும்.

வேறிடத்திலிருந்து கடிதம் வந்தபின் சம்பளத்தை உயர்த்தி நிறுத்துவது அரிதாகவே பலன் தரும். காரணம் பணமாக இல்லாதபோது பணம் சில மாதத்துக்குத்தான் தாங்கும். அதே வாரம் அதிகாரக் கடிதத்தைத் திருத்தி, அவர் கேட்டுக் கிடைக்காத ஆளையும் கருவியையும் கொடுக்க முடிந்தால் மட்டும் பேசிப் பாருங்கள்.

அடுத்தவர்

ஒவ்வொரு உயர் பதவிக்கும் நாளை காலையிலிருந்து பொறுப்பேற்கக் கூடியவர் ஒருவர், இரண்டு ஆண்டில் தயாராகக் கூடியவர் ஒருவர் என்று பெயர் எழுதிவையுங்கள். முதல் பெயர் காலியாக இருக்கும் பதவிதான் உங்கள் பெரிய அபாயம். இரண்டாமவரைத் தணிக்கையின் முன் அறையில் உட்காரவையுங்கள், தணிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்லவிடுங்கள். ஒழுங்குமுறை அதிகாரிகளுடனான கூட்டத்தில் ஒரு பகுதியை அவரே நடத்தட்டும். ஐந்து வருடம் பின்வரிசையில் குறிப்பெடுத்தவருக்குப் பதவி கொடுத்தால் முதல் தணிக்கையிலேயே குரல் நடுங்கும்.

ஒருவர் விலகும்போது கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் நோட்டீஸ் கொடுத்த வாரமே மூன்று ஆவணங்களைத் தொடங்குங்கள்: முடியாத விசாரணைகள் ஒவ்வொன்றிலும் அவருடைய கருத்து, ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு அவர் பெயரில் கொடுத்த வாக்குறுதிகளும் தேதிகளும், அவர் எடுத்து இன்னும் பலன் தெரியாத முடிவுகளும் அவற்றின் காரணங்களும். பெயர் பதிவான பதவியாக இருந்தால் மாற்றத்தை எந்த அமைப்புக்கு எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும் என்று ரெகுலேட்டரி பிரிவு அன்றே பட்டியல் போடட்டும். கணினி அமைப்புகளில் அவருடைய மின் கையொப்ப உரிமையைக் கடைசி நாள் மாலை மூடி, மூடியதைப் பதிவு செய்யுங்கள். அவர் கையெழுத்திட்டு விடுவித்த பேட்சுகள் இன்னும் பல ஆண்டு சந்தையில் இருக்கும். அவற்றைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால் அவரை அழைத்துக் கேட்கும்படியான உறவோடு அவரை வழியனுப்புங்கள்.